பிணை நின்றவரின் பெயரும் பிந்திய தவணையும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் உயிரினும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஹுன்னஸ்கிரிய பஸாரிலும் தெல்தெனியவிலும் திகனையிலும் அண்மைக்காலமாக ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழுகின்றது. “அவருக்குக் கிரிப் அடித்துவிட்டார்கள்” என்கின்றனர். ஏதோ ஒரு நோய் தொற்றிவிட்டதைப் போலவும், யாரோ ஓர் அதிகாரி கோபத்தில் முத்திரை குத்திவிட்டதைப் போலவும் அதனைப் பேசுகின்றனர். கிரிப் என்பது யாது, எமது பெயர் அங்கே எவ்வாறு எழுதப்படுகின்றது, அந்த எழுத்தினால் யார் யார் பாதிக்கப்படுகின்றனர் என்பதே இன்றைய எமது உரையின் விடயமாகும். மார்க்க உரையில் வங்கி விவகாரம் எதற்கு என்று எவரேனும் எண்ணக்கூடும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அது ஸூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம். கடனை எழுதிவைப்பதையும் அதற்குச் சாட்சி ஏற்படுத்துவதையும் பற்றியே அது விரிவாகப் பேசுகின்றது.

இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. தெற்காசியாவில் இவ்வகையில் முதன்முதலில் தோன்றிய நிறுவனமும் இதுவேயாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தே மக்கள் இதனைக் கிரிப் என்று அழைக்கின்றனர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தம்மிடம் கடன் பெற்றவர்களின் விபரங்களை இப்பணியகத்துக்கு அனுப்புகின்றன. தேசிய அடையாள அட்டை இலக்கமே அங்கு ஒருவரை இனங்காணும் பிரதான அடையாளமாகும். எந்த நிறுவனத்தில் எவ்வளவு கடன் பெற்றார், எவ்வளவு மீதியுள்ளது, தவணை பிந்தியுள்ளதா, எத்தனை நாட்கள் பிந்தியுள்ளது, யாருடைய கடனுக்குப் பிணையாக நிற்கின்றார், கணக்கில் பணமின்றித் திரும்பிய காசோலைகள் உண்டா என்பனவெல்லாம் அதில் காணப்படும்.

ஒரு தப்பெண்ணத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். இது கறுப்புப் பட்டியல் அன்று. ஒழுங்காகத் தவணை செலுத்துபவரின் பெயரும் அங்கே இருக்கின்றது. அவரது ஒழுங்கும் அங்கே எழுதப்படுகின்றது. ஒருவருக்குக் கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ அப்பணியகம் எந்த வங்கிக்கும் கட்டளையிடுவதில்லை. அறிக்கையைப் பார்க்கின்ற நிறுவனமே தீர்மானிக்கின்றது. இதுவரை எங்கும் கடன் பெறாத இளைஞனுக்கு அங்கே எழுதுவதற்கு எதுவும் இராது. அது குற்றமுமன்று, குறையுமன்று. மற்றுமொன்று, கடன் வழங்கும் நிறுவனங்களும் உரியவரும் தவிர வேறெவரும் விரும்பியவாறு இவ்வறிக்கையைப் பெற்றுவிட முடியாது. சம்பந்தம் பேச வருகின்றவர்கள் மாப்பிள்ளையின் கிரிப் அறிக்கையைக் கொண்டுவா என்று கேட்கும் நிலை இன்னும் வரவில்லை. வந்தால் சில வீடுகளில் நிக்காஹ் நடப்பது சிரமமாகிவிடும்!

தவணை பிந்துவது எங்கள் மலைப்பகுதியில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நேர்மையாக நோக்க வேண்டும். எல்லோரும் ஏமாற்றுவதற்காகப் பிந்துவதில்லை. இங்கு பலருக்கு மிளகும் கராம்புமே வருமானம். கொடியில் காய் பழுக்கும் காலத்தில் கையில் பணம் புரளும். ஏனைய மாதங்களில் கூலி வேலையும் சிறு வியாபாரமும்தான். ஆனால் முச்சக்கர வண்டிக்கோ லொறிக்கோ செலுத்த வேண்டிய தவணை மாதந்தோறும் ஒரே திகதியில் வந்து நிற்கின்றது. மிளகுக் கொடிக்கு லீசிங் கம்பனியின் நாட்காட்டி தெரியாது. முதல் மாதம் பத்து நாள் பிந்தும். அடுத்த மாதம் முப்பது நாளாகும். மூன்றாம் மாதம் தொலைபேசி அடிக்கும்போது எடுக்க மனம் வராது. 90 நாட்களைக் கடந்த கடனை வங்கிகள் பொதுவாகச் செயலற்ற கடன் என வகைப்படுத்துகின்றன. அந்த நிலைக்கு வந்த பின்னர் அவரது அறிக்கையைப் பார்க்கின்ற வேறெந்த நிறுவனமும் தயங்கவே செய்யும். நிலுவையைப் பின்னர் முழுமையாகச் செலுத்திவிட்டால் கடன் முடிந்தது என்று பதிவாகும். எனினும் பிந்திய மாதங்களின் சுவடு உடனே அழிந்துவிடுவதில்லை. சில காலம் அது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இதனால்தான் கடனில் கையொப்பமிடுவதற்கு முன்னர், எமக்குப் பணம் வருகின்ற காலம் எது என்பதை எடுத்துச்சொல்லி, அறுவடைக்கு ஏற்றவாறு தவணையை அமைத்துத் தருமாறு கேட்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் இணங்கமாட்டா. எனினும் கேட்பவர்களே குறைவாக இருக்கின்றனர். வண்டி கைக்கு வந்தால் போதும் என்ற அவசரத்தில் கேட்கப்படாமலே போய்விடுகின்றது.

கண்ணியமிக்க நேயர்களே! ஒருவரது தவணைப் பிழையை இவ்வாறு எழுதிவைத்து மற்றவருக்குக் காட்டுவது மானத்தைப் பறிப்பதாகாதா, புறம் பேசுவதாகாதா என்று ஒரு சகோதரர் வினவினார். நல்ல வினாதான். கொடுப்பதற்கு வசதியிருந்தும் இழுத்தடிப்பவனுடைய மானத்துக்குரிய பாதுகாப்பும், தண்டனையிலிருந்து அவனுக்குள்ள பாதுகாப்பும் நீங்கிவிடுகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஒன்று அபூதாவூத், நஸாஈ ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. மானம் பற்றிய அப்பகுதிக்கு, இவர் எனக்குத் தராமல் இழுத்தடித்தார் என்று கடன் கொடுத்தவர் வெளிப்படையாகச் சொல்லலாம் என்பதே பொருள் என இமாம் ஸுப்யான் (ரஹ்) விளக்கமளித்துள்ளார்கள். வசைபாட அனுமதியில்லை, பொய் சேர்க்க அனுமதியில்லை, நடந்ததைச் சொல்ல மட்டுமே அனுமதியுண்டு. அவ்வளவில் நிற்கின்ற பதிவை நாம் பழிக்க முடியாது என்பதே எனது கருத்து.

ஆயினும் அந்த ஹதீஸ் வசதியுள்ளவனைப் பற்றியே பேசுகின்றது என்பதை மறக்கலாகாது. வசதியற்றவனின் சட்டம் வேறு. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் அவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும் என்று ஸூரத்துல் பகராவின் 280 ஆவது வசனம் பணிக்கின்றது. அறிக்கையிலுள்ள இலக்கங்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சூதாடித் தொலைத்தவனுக்கும், கடை எரிந்துபோனவனுக்கும் அங்கே நாட்களின் எண்ணிக்கை ஒன்றுதான். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் சுற்றுப்புறங்களிலும் எமது சகோதரர்களின் கடைகள் எரிந்தபோது, சரக்கு சாம்பலானது. சரக்கு வாங்கப் பெற்ற கடன் சாம்பலாகவில்லை. 2020 இல் கொரோனா முடக்கம் வந்தது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வட்டி வீதம் மாறுகின்ற கடனைப் பெற்றிருந்தோரின் தவணைகள் அவர்கள் எதிர்பாராத அளவுக்கு ஏறின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையும் மண்சரிவும் எங்கள் கண்டி மாவட்டத்தைத் தாக்கின. இவற்றில் எதுவும் கடனாளியின் கைங்கரியமன்று.

தனிமனிதனை விடுங்கள், நாடே தவணை தவறியது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. சர்வதேச முறிகளுக்கான வட்டி உரிய நாளில் செலுத்தப்படவில்லை. கொடுக்கப்பட்ட 30 நாள் அவகாசமும் மே மாதத்தில் முடிந்தது. சுதந்திரத்தின் பின்னர் அதுவே முதல் தடவை. அந்த ஆண்டில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாம் வரிசையில் நின்றோம். கையில் டொலர் இல்லாமை அதற்கு முதற்காரணம். கடனுக்குத் தருவதற்கும் எவரும் முன்வராமை அடுத்த காரணம். அந்த முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டு ஒழுங்குக்கு வருவதற்கு 2024 டிசம்பர் வரை சென்றது. ஒரு நாட்டின் பெயர் கெடுவதற்கு ஒரு தவணை போதுமானதாயிருந்தது. அதனைச் சீர்செய்ய இரண்டரை ஆண்டுகள் பேசவேண்டியிருந்தது. பேசித்தான் சீராக்கினார்கள் என்பதையும் கவனியுங்கள். தொலைபேசியை நிறுத்திவைத்துச் சீராக்கவில்லை.

எனவே வருமானம் நின்றுவிட்டவர் செய்யவேண்டிய முதல் வேலை, தவணை தவறுவதற்கு முன்னரே கடன் தந்த நிறுவனத்துக்குச் சென்று நிலைமையை எழுத்தில் கொடுப்பதாகும். தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு, தொகையைக் குறைத்துத் தருமாறு கேட்கலாம். இணங்கினால் அதனையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். முகாமையாளர் வாயால் சரி என்றார் என்பது ஆறு மாதத்தின் பின்னர் உதவாது. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றிருப்பார். அரசாங்கம் சலுகைக் காலம் அறிவித்தால் அது தானாக எமக்கு வந்துசேரும் என்று இருந்துவிடவும் கூடாது. 2020 இல் சலுகை பெற்ற பலர், அக்காலத்தில் வட்டியும் நின்றுவிட்டதாக எண்ணியிருந்து பின்னர் திகைத்தனர்.

இனி, இவ்வுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விடயத்துக்கு வருகின்றேன். அது பிணையாளரின் நிலை.

சில மாதங்களுக்கு முன்னர் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். வட்டியற்ற முறையில் ஒரு சிறிய லொறி வாங்குவதற்கு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் கேட்டபோது கிரிப் அறிக்கையைப் பார்க்கச் சொல்லியிருக்கின்றனர். “மௌலவி, நான் இதுவரை ஒருவருக்கும் ஒரு சதம் பாக்கி வைத்ததில்லை. என் பெயரில் எப்படி நிலுவை வந்தது?” என்று கேட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பக்கத்து வீட்டுச் சகோதரரின் முச்சக்கர வண்டிக்கு அவர் பிணைக் கையொப்பமிட்டிருந்தார். பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில், ஐந்து நிமிடத்தில் இட்ட கையொப்பம். அந்த வண்டிக்கு ஐந்து மாதங்களாகத் தவணை செலுத்தப்படவில்லை. கடிதங்கள் அவரது பழைய முகவரிக்குச் சென்றிருந்தன. கடன் பெற்றவரோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாளாந்தம் ஸலாம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருவரையும் அழைத்து உட்கார வைத்தேன். கடன் பெற்றவர் கெட்டவரல்லர். “அது பெரிய கம்பனி மௌலவி, அவர்களுக்கு இதெல்லாம் ஒரு தொகையா?” என்றார். கம்பனிக்கு அது சிறிய தொகைதான். ஆனால் அந்தத் தொகை கம்பனியின் மீது விழவில்லையே! தன்னை நம்பிக் கையொப்பமிட்ட அண்டை வீட்டுக்காரரின் லொறியின் மீதல்லவா விழுந்தது? அதனை அவர் அதுவரை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இப்போது மிளகு விற்ற பணத்தில் நிலுவையைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகின்றார். லொறி இன்னும் வரவில்லை.

பிணை நிற்பதன் பாரத்தை எமது மார்க்கம் எவ்வளவு கனமாகக் கருதுகின்றது என்பதற்கு அபூ கதாதா (ரழி) அவர்களின் சம்பவம் சான்றாகும். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார்கள் கடன் உண்டு, அதனைத் தீர்க்க அவர் எதுவும் விட்டுச்செல்லவில்லை என்று கூறப்பட்டபோது, தாம் தொழுவிக்காமல், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். அக்கடன் என் பொறுப்பு என்று அபூ கதாதா (ரழி) அவர்கள் முன்வந்த பின்னரே அன்னார் தொழுவித்தார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் ஸலமா இப்னுல் அக்வஃ (ரழி) அவர்கள் அறிவிப்பது. இதே போன்ற சம்பவத்தை ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும்போது கடன் இரண்டு தீனார்கள் எனவும், மறுநாளே அந்தப் பணம் என்னவாயிற்று என்று நபியவர்கள் விசாரித்தார்கள் எனவும் வருகின்றது. அவர் நேற்றுத்தானே மரணித்தார் என்று அபூ கதாதா (ரழி) பதிலளித்தார்கள். அதற்கு அடுத்த நாள், செலுத்திவிட்டேன் என்று அவர்கள் சொன்ன பின்னரே, இப்போதுதான் மய்யித்தின் உடல் குளிர்ந்தது என்ற கருத்தில் அன்னார் மொழிந்தார்கள். வாக்குக் கொடுத்ததோடு விடயம் முடியவில்லை. பணம் சேர்ந்ததா என்று மறுநாளே கேட்கப்பட்டது. நாம் பிணைக் கையொப்பத்தை ஒரு மரியாதைச் சடங்காக, கலியாண அழைப்புக்குச் சம்மதம் சொல்வதைப் போன்று எண்ணிவிடுகின்றோம்.

பிணை நிற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு எல்லோரும் ஒதுங்கினால் ஏழைக்கு எந்தக் கதவும் திறவாது. நிற்பவர் தெரிந்துகொண்டு நிற்கட்டும். தொகை எவ்வளவு, எத்தனை மாதம், தவணை எந்தத் திகதி என்பவற்றைக் கேட்டு, ஒப்பந்தத்தின் பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். முகவரியோ தொலைபேசி இலக்கமோ மாறினால் அந்த நிறுவனத்துக்கு அறிவிக்கட்டும். ஆண்டுக்கு ஒரு தடவையேனும் தமது கிரிப் அறிக்கையைத் தாமே பெற்றுப் பார்க்கட்டும். வங்கியின் ஊடாகவும் இணையத்தின் மூலமும் அதனைப் பெற வழியுண்டு. செலுத்திய தவணை செலுத்தப்படாததாகக் காட்டப்பட்டிருந்தால், பற்றுச்சீட்டுடன் கடன் தந்த நிறுவனத்திடமும் பணியகத்திடமும் முறையிட்டுத் திருத்தலாம். பிழையான பதிவைத்தான் திருத்தலாம். உண்மையான நிலுவையை எவரும் அழித்துத் தரமுடியாது. பணம் தந்தால் கிரிப்பிலிருந்து பெயரை எடுத்துத் தருகின்றோம் என்று சொல்பவனிடம் கொடுக்கும் காசு கடலில் போட்ட காசுதான்.

இன்னொரு வழக்கம் எங்கள் ஊர்களில் பரவி வருகின்றது. தன் பெயர் கெட்ட பின்னர் மனைவியின் அடையாள அட்டையில் கடன் பெறுகின்றனர். அதுவும் பிந்திய பின்னர் உம்மாவின் பெயரில் பெறுகின்றனர். கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு, அந்த முதிய தாய் பத்திரத்தில் உள்ளது என்னவென்று அறியாமலே கடனாளியாகின்றார். நாளை அவர் மௌத்தானால் அவருடைய ஜனாஸாவின் முன் கடன் யாருடையது என்று கேட்கப்படும். மகனின் முச்சக்கர வண்டி என்று யார் எழுந்து சொல்வது?

வட்டி பற்றியும் ஒரு வார்த்தை. வட்டிக் கடனை இலகுவாக்குவதற்காக நான் இதனைப் பேசவில்லை. அது ஹராம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் முராபஹா, இஜாரா முறையில் வசதி பெற்றவர்கள், இது இஸ்லாமிய முறைதானே, கிரிப்புக்குப் போகாது என்று எண்ணுவது தவறு. 2011 முதல் இயங்கிவரும் அமானா வங்கியும் அனுமதிபெற்ற வணிக வங்கியே. அங்கு பிந்தினாலும் பிந்தியது பிந்தியதுதான். வட்டிக்கு வாங்கிவிட்டேன், அது ஹராமான கடன், ஆகவே திருப்பிக் கொடுக்காவிட்டால் பரவாயில்லை என்று வாதிடுபவரையும் கண்டிருக்கின்றேன். பெற்ற முதல் பிறருடைய சொத்து. வட்டி ஹராம் என்பதனால் பிறர் முதல் ஹலாலாகிவிடாது.

பணியகத்துக்குச் செல்லாத பாக்கிகளும் உண்டு. சில்லறைக் கடைக்காரரின் கொப்பி அங்கே செல்வதில்லை. பாடசாலை வேன் சாரதிக்குக் கொடுக்காத மூன்று மாதக் காசு, சீட்டுப் பிடித்த சகோதரிக்குக் கட்டாத தொகை, மேசனுக்குத் தருவதாகச் சொன்ன மீதிக் கூலி, இவை எந்த அறிக்கையிலும் வரமாட்டா. மின்சாரக் கட்டணம் பிந்தினால் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்ற பயத்தில் அதனை முந்திச் செலுத்துகின்றோம். கடைக்காரர் எதனையும் துண்டிக்கமாட்டார் என்பதனால் அவரைப் பிந்த வைக்கின்றோம். அவரோ மொத்த வியாபாரிக்குத் திகதியிட்ட காசோலை கொடுத்திருக்கின்றார். நாம் பத்துப் பேர் கொப்பியில் வைத்த பாக்கியினால் அவரது காசோலை திரும்புகின்றது. திரும்பிய காசோலை அவரது அறிக்கையில் ஏறுகின்றது. எங்கள் பெயர் வெளுப்பாக இருக்க அவர் பெயரில் கறை படிகின்றது. இவ்வளவும் இருக்க, ஊருக்கெல்லாம் விருந்து வைத்துச் சுன்னத்துக் கலியாணம் செய்பவர்களும், இரண்டாம் முறையாக உம்ராவுக்குச் செல்பவர்களும் எம்மிடையே உள்ளனர். தவணை வந்துவிட்ட கடன் தலைமேலிருக்க, கடன் கொடுத்தவரின் சம்மதமின்றி ஸுன்னத்தான பயணம் செல்வதற்கு எந்த ஆலிமிடம் தீர்ப்புக் கேட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரும் அடங்குவர் என்பது ஸூரத்துத் தவ்பாவின் 60 ஆவது வசனம். எங்கள் பைத்துல்மால்கள் வீடு கட்டவும் தையல் இயந்திரம் கொடுக்கவும் உதவுகின்றன, நல்லதே. மண்சரிவில் தோட்டத்தை இழந்து, இரண்டு தவணை பிந்தி, மூன்றாவதும் பிந்தப்போகின்ற ஒருவரை இனங்கண்டு அந்த மூன்றாம் தவணையைச் செலுத்திவிட்டால், அவருடைய பெயரோடு அவருக்காகக் கையொப்பமிட்டோரின் பெயரும் சேர்ந்து காக்கப்படும். 90 நாள் கடந்த பின்னர் கொடுக்கும் பெருந்தொகையைவிட 60 ஆம் நாள் கொடுக்கும் சிறுதொகை பயன் மிக்கது.

இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் தவணை பிந்தியவர் எவரேனும் இருப்பின், நாளை வங்கி திறப்பதற்கு முன்னர், இன்றிரவே உங்கள் பிணையாளரின் வீட்டுக்குச் சென்று விடயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர் கோபிக்கக்கூடும். கோபித்துவிட்டு, மறுநாள் காலையில் உங்களோடு வங்கிக்கு வரவும் கூடும்.